பறக்கும் கை: சினையும் முதலும்

ஜப்பானிய இயந்திர மனிதக் கதைகளில் வரும் படைக்கலங்களுள், முழங்கையினின்று கழன்று பறந்து, பகைவனைக் குத்தி ஊடுருவி, மீண்டு வந்து தன் இடத்திற் பொருந்தும் கை ஒன்று உண்டு. 'ராக்கெட் பஞ்ச்' என்பது அதன் பெயர். சிறுவர் சித்திரக்கதையில் தோன்றிய இதனைத் தமிழாய்வு ஏட்டில் ஆராயப் புகுவது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு கற்பனை 50 ஆண்டுகளுக்கு மேலாகச் சித்திரக்கதை, தொலைக்காட்சி, பொம்மை, கணினி விளையாட்டு என வடிவம் மாறி வாழ்ந்து வருமாயின், அதன் ஆற்றல் எங்குள்ளது என வினவுதல் திறனாய்வின் கடன் என்றே நாம் கருதுகின்றோம். அவ்வாற்றல் கை பறத்தலில் இல்லை. கை பறந்தபின் உடல் கையின்றி நிற்றலில் உள்ளது என்பது நம் துணிபு.

கோ நாகாய் படைத்த 'மசிங்கர் இசட்' 1972 அக்டோபரில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 3 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்து, 1974 செப்டம்பர் வரை 92 பகுதிகளாக நடைபெற்றது. இதற்கு முன்னரும் பேருருவ இயந்திர மனிதர் ஜப்பானியக் கதைகளில் உண்டு. 1956-இல் யோகோயாமா மித்சுதெரு எழுதத் தொடங்கிய 'தெத்சுஜின் 28' அவற்றுள் தலையாயது. ஆயின் அவ்விரும்பு வீரனைச் சிறுவன் ஒருவன் தொலைவில் நின்று, கையிலுள்ள கருவியால் ஏவுகின்றான். ஏவுவோன் வேறு, பொருவோன் வேறு. மசிங்கரிலோ கபுத்தோ கோஜி என்னும் இளைஞன் சிறு ஊர்தி ஒன்றிற் பறந்து வந்து, அவ்வூர்தியோடு இயந்திரத்தின் தலையிற் சென்று பொருந்துகின்றான். உயிர் வெளியினின்று வந்து தலையிற் புகுகின்றது. கை உடலினின்று வெளியே செல்கின்றது. இவ்விரண்டும் ஒரே கதையில் அமைந்தமை தற்செயல் அன்று. உடல் என்பது கூடியும் பிரிந்தும் நிற்கும் உறுப்புகளின் தொகுதி என்னும் எண்ணம் நூல் முழுதும் ஊடுருவி நிற்கின்றது.

பலர் நோக்காது விடும் செய்தி ஒன்றும் உண்டு. மசிங்கர் தொடக்கத்தில் பறக்கும் ஆற்றல் இல்லாதது. 'ஜெட் ஸ்க்ராண்டர்' எனும் சிறகு 1973-இல்தான் தொடரில் அதற்கு வாய்த்தது. எனவே உடல் பறப்பதற்கு முன்னரே கை பறந்துவிட்டது. நிலத்தில் கட்டுண்ட வீரன் வானத்துப் பகைவனை எட்டுதற்குத் தன் உறுப்பையே அனுப்ப நேர்ந்தது. சிறகு வந்தபின் இக்கையின் இன்றியமையாமை ஓரளவு குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இஃது எவ்வகைப் படை? அக்கினி புராணத்தின் வில்நூற் பகுதி போர்முறையை ஐந்தாக வகுக்கின்றது: பொறியால் விடுவன, கையால் எறிவன, எறிந்து மீட்பன, கைவிடாது பொருவன, வெறுங்கையாற் பொரும் மற்போர். பறக்கும் கையை இவற்றுள் எதில் அடக்குவது? பொறியால் விடப்படுவதால் முதல் வகை. மீண்டு வருவதால் மூன்றாம் வகை. குத்துவது கையே ஆதலின் ஐந்தாம் வகை. தம்முள் முரணிய வகைகள் ஒரு கருவியில் வந்து கூடுகின்றன. அம்பு தொலைவிற் கொல்லும். எய்தவன் மெய்க்குத் தீண்டல் இல்லை. மற்போரில் தீண்டல் உண்டு; தொலைவு இல்லை. தொலைவில் நின்றே தீண்டுதல் என்னும் அரிய செயலை இக்கற்பனை நிகழ்த்திக் காட்டுகின்றது.

நம் இலக்கண நூலார் சினையின் வினை முதலொடு முடிதலை உடன்பட்டனர். 'கை பறந்து வென்றான்' என்று கூறின், பறந்தது சினை, வென்றான் முதல், தொடர் வழுவன்று. மசிங்கரின் கை எத்துணைத் தொலைவு சென்றாலும் சினையாகவே நிற்கின்றது. அது மீளுமளவும் முதலாகிய உடல் குறையுடையது. கோஜி படையின் பெயரை உரக்கக் கூவி ஏவும் வழக்கமும் இவ்வியைபைக் காப்பதே: இடையறுந்த உறுப்பைக் குரல் பிணிக்கின்றது.

பின் வந்தோர் இதனைப் பலவாறு திரித்தனர். 1975-இன் 'கிரெண்டைசர்', 1997-இன் 'காவோகைகர்' முதலியன கையைச் சுழலச் செய்து துளைக்கும் வன்மையைக் கூட்டின. பொருள் கூடிற்று எனல் இயலாது. 1979-இல் தொடங்கிய 'கண்டம்' தொடரின் இறுதிப் போரில் வரும் ஜியோங் என்பதே நின்று நோக்கத்தக்கது. அதன் கைகள் கம்பியால் உடலொடு பிணிக்கப்பட்டவை. விரல்நுனிகளினின்று ஒளிக்கதிர் பாயும். நம்பத்தக்கதாக்க முயன்ற ஆசிரியர் கையைத் துப்பாக்கி ஆக்கிவிட்டார். பிணிப்பு கண்ணுக்குப் புலனாயிற்று, தீண்டல் போயிற்று.

கணினி விளையாட்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் பெரிது. 1991-இல் தொடங்கிய 'சூப்பர் ரோபோ' போர் விளையாட்டு வரிசையில் மசிங்கரின் கை, தாக்கு வலிமை இவ்வளவு, எட்டும் தொலைவு இவ்வளவு எனப் பட்டியலில் ஒரு வரியாகின்றது. கையை ஏவிய மறுகணமே பகைவன் தாக்கினும், கையில்லாமையால் வரும் இடர் யாதும் இல்லை. ஆடுவோர்க்கு இது வசதி; கற்பனைக்கு இது இழப்பு. சினை பண்டமாகிவிட்டது. 2017-இல் 'ஓவர்வாட்ச்' விளையாட்டிற் புகுந்த டூம்ஃபிஸ்ட் என்பானிடம் அதே பெயருடைய ஆற்றல் உண்டு; ஆயின் அவன் கை கழல்வதில்லை, கையோடு ஆளும் சேர்ந்து பாய்கின்றான். பெயர் மட்டும் எஞ்சிற்று.

எல்லா விளையாட்டுகளையும் இவ்வாறு ஒதுக்குதல் நடுவுநிலை ஆகாது. 1990-இல் வந்த 'ராக்மேன் 3'-இல் ஹார்ட்மேன் என்னும் பகைவனை வென்று பெறும் 'ஹார்ட் நக்கிள்' மெல்லச் செல்லும் கை. ஏவியபின்னும் அதன் நெறியை ஆடுவோன் சிறிது மேலோ கீழோ திருப்பலாம். விட்ட அம்பைத் திருப்புவார் இல்லை. தன் கையையே திருப்ப இயலும். இவண் உறவு அறுபடவில்லை. 2009-இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் வந்த பிளிட்ஸ்கிராங்க் என்னும் நீராவி இயந்திரனின் கையோ பகைவனைப் பற்றித் தன்பால் இழுத்து வருகின்றது. மீளுதலையே போராக்கிய இப்புதுமையை நாம் பாராட்டுகின்றோம்.

ஆயினும் மூலத்தின் உள்ளுறையை முற்றக் காத்தது விளையாட்டும் அன்று, பின்வந்த தொடர்களும் அன்று; 1974-இல் பாப்பி நிறுவனத்தார் வெளியிட்ட உலோக வார்ப்புப் பொம்மையே என்பது நம் முடிபு. அதன் கை வில்சுருளால் தெறித்துப் பாயும், தானே மீளாது. அலமாரியின் அடியில் உருண்டு மறைந்த கையைச் சிறுவன் குனிந்து துழாவி எடுத்துவந்து பொருத்துதல் வேண்டும். அதுகாறும் மசிங்கர் ஒற்றைக் கையோடு நிற்கும்.