கால் நீட்டினால் சொர்க்கம்

குளிரை வெல்ல மனிதன் செய்த பொருள்களில் எது உசத்தி என்று யாராவது கேட்டால், இனி நான் யோசிக்கவே மாட்டேன். ஈரானின் கோர்சிதான்! ஹமதானில் நண்பர் வீட்டில் தங்கியபோது அதற்குள் கால் நீட்டினேன். அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை. அல்வந்த் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் கோர்சியை மூடிய ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள்ளோ, அடைகாக்கும் கோழியின் இறக்கைக்கு அடியில் புகுந்துகொண்டது போல அப்படியொரு இதம்!

பார்வைக்கு அது ரொம்பச் சாதாரணம். முழங்கால் உயரத்தில் ஒரு சதுர மரமேசை. நாலு பக்கமும் தரையில் புரளும்படி அதன்மேல் ஒரு பெரிய ரஜாய். சுற்றிலும் மெத்தை, முதுகுக்குத் திண்டு. அந்தக் காலத்தில் மேசைக்கு அடியில் ‘மன்கல்’ என்னும் கணப்புச்சட்டி இருக்கும். கரித்தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் இரவெல்லாம் மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். குடும்பமே ரஜாய்க்குள் காலை நுழைத்துச் சாப்பிடும், கதை பேசும், அப்படியே தூங்கியும் போகும். பெரிய ஆபத்து, மூடிய அறையில் கரியிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு. அது பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

நண்பரின் அடுக்குமாடி வீட்டுக் கோர்சியில் கரிக்கு வேலையே இல்லை. மேசைப் பலகையின் அடிப்புறத்தில் 150 வாட் மின்சூட்டுத் தகடு ஒன்றைப் பதித்திருக்கிறார். கால் படாமலிருக்க அதன்கீழ் கம்பிவலை. சூடு அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் தெர்மோஸ்டாட். தரை வழியாகச் சூடு ஓடிவிடக் கூடாதே என்று கம்பளத்துக்கு அடியில் ‘நமத்’ எனப்படும் தடித்த கம்பளி விரிப்பு. கோடை வந்தால் ரஜாயை மடித்து வைத்துவிடலாம். மேசை அழகான டீப்பாய் ஆகிவிடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

கணக்குப் போட்டால் இன்னும் வாய்பிளப்பீர்கள். 2,000 வாட் அறை ஹீட்டர் ஐந்து மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் 10 யூனிட். இந்தக் கோர்சிக்கு முக்கால் யூனிட்! ஹீட்டர் கூரை வரைக்கும் காற்றைச் சூடாக்குகிறது. கோர்சி ஆட்களை மட்டும் சூடாக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதில் ஒரு பங்கையும் ரஜாய் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆள் கூடக் கூடச் சூடும் கூடுகிறது! அறையில் 15 டிகிரிதான். நான் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு மேசைமேல் மடிக்கணினியை வைத்து நிம்மதியாக வேலை பார்த்தேன்.

இயற்கை எரிவாயு இருப்பில் ரஷ்யாவுக்கு அடுத்த நாடு ஈரான். அங்கேயே 2024 டிசம்பரில் எரிவாயு போதாமல் அலுவலகங்களையும் பள்ளிகளையும் மூடினார்கள். வீட்டுச் சூட்டை இரண்டு டிகிரி குறையுங்கள் என்று அதிபர் பெஸெஷ்கியானே மக்களைக் கேட்டுக்கொண்டார். பாட்டி காலத்து மேசையைத் தூசி தட்ட இதைவிட நல்ல நேரம் ஏது?

யால்டா இரவில்தான் கோர்சியின் முழு மகிமையும் தெரிந்தது. ஆண்டிலேயே நீளமான இரவு அது. 2022இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த திருநாள். மேசைமேல் மாதுளை, தர்பூசணி, பருப்பு வகைகள், தேநீர். வீட்டுத் தாத்தா, கவிஞர் ஹாஃபிஸின் நூலைத் திறந்து குறிபார்த்தார். ஆளுக்கொரு அறையில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரஜாய்க்குள்! எந்த ஹீட்டரால் இது முடியும்?

குறை ஒன்று உண்டு: தேநீர் எடுத்துவர யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மற்றபடி நூற்றுக்கு நூறு. குளிர்தேசத்தில் இருக்கிறீர்களா? தாழ்வான மேசை, கனத்த ரஜாய், பாதுகாப்பான மின்தகடு இருந்தால் போதும். கரி மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் குளிர்காலத்திலேயே ஒன்று செய்து பாருங்கள்!