யாருக்கு என்ன வித்தியாசம்?

தத்துவ நூல் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவி முதலில் தேடுவது வரையறையை. நமக்குப் பழகிய தேர்வுமுறை அப்படி. ‘பிராக்மாட்டிசம் என்றால் என்ன?’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். ‘பயன் தருவதே உண்மை என்னும் கொள்கை’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன். தமிழில் இதைப் பயன்வழிவாதம் என்றும் நடைமுறைவாதம் என்றும் சொல்கிறார்கள். ‘பயன்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் லாபம், காரியசாத்தியம் என்று மனம் ஓடிவிடுகிறது. அதனால் இங்கே நடைமுறைவாதம் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தவள் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடுவாள். மேலே சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. ஒரு தத்துவப் பிரதி எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கும்போதுதான் வாசிப்பு தொடங்குகிறது. மூன்று அமெரிக்கப் பிரதிகளை அப்படி வாசித்துப் பார்க்கலாம். ஒன்று புகழ்பெற்ற பேராசிரியருடையது. மற்ற இரண்டும், தத்துவப் பாடத்திட்டங்களில் நெடுங்காலம் இடம் கிடைக்காத பெண்களுடையவை.

1878-இல் சார்லஸ் பியர்ஸ் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஒரு பொருளைக் ‘கடினமானது’ என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? மற்ற பல பொருள்களால் அதைக் கீற முடியாது என்பதுதான். ஒரு கருத்தின் அர்த்தத்தை, அதிலிருந்து நாம் எதிர்பார்க்கக்கூடிய விளைவுகளில் தேட வேண்டும் என்றார் அவர். இந்த எண்ணத்தை விரித்து வில்லியம் ஜேம்ஸ் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஆற்றிய உரைகள் 1907-இல் நூலாக வந்தன.

அதன் இரண்டாவது உரை ஓர் அணிலோடு தொடங்குகிறது. மலையில் முகாமிட்ட நண்பர்களுக்குள் சண்டை. மரத்தின் ஒரு பக்கத்தில் அணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறுபக்கத்தில் ஒரு மனிதன். அவன் மரத்தைச் சுற்ற, அணிலும் அவன் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டே போகிறது. அவன் அணிலைச் சுற்றினானா இல்லையா? ‘சுற்றுவது’ என்று நடைமுறையில் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்கிறார் ஜேம்ஸ். அணிலுக்கு வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே என்று மாறிமாறி நின்றானா என்றால், ஆம். அதன் முன்னால், வலப்பக்கம், பின்னால், இடப்பக்கம் நின்றானா என்றால், இல்லை. எது உண்மையானாலும் நடைமுறையில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் சச்சரவு வீண் என்பது அவர் கற்றுத்தரும் பாடம்.

நல்ல பாடம்தான். ஆனால் உதாரணத்தைக் கவனியுங்கள். அணிலைச் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன, அந்த முகாமில் யாருடைய வாழ்க்கையும் மாறப்போவதில்லை. ‘என்ன வித்தியாசம்?’ என்று ஜேம்ஸ் கேட்கிறார். ‘யாருக்கு?’ என்று கேட்க அந்தக் கதையில் தேவையே எழவில்லை. அதே உரையில் அவர் நடைமுறைவாதத்தை ஒரு பெண்ணாக உருவகித்து, ‘அவள்’ என்றே சுட்டி, அவளுடைய நெகிழ்வையும் ஜனநாயகத் தன்மையையும் பாராட்டுகிறார். அவரிடமே படித்த மேரி விட்டன் கால்கின்ஸ் 1895-இல் முனைவர் பட்டத்துக்கான தேர்வை முடித்திருந்தார். ஜேம்ஸ் அவரை மனதாரப் புகழ்ந்தார், ஆதரித்தார். ஆனால் பெண் என்பதால் ஹார்வர்ட் பட்டம் தர மறுத்தது. 1902-இல், ஹார்வர்டை ஒட்டிப் பெண்களுக்கென்று இயங்கிய ராட்கிளிஃப் கல்லூரியின் பட்டத்தைத் தர முன்வந்தார்கள். கால்கின்ஸ் அதை ஏற்கவில்லை. தகுதி ஒன்றே என்றால் பட்டம் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? அணில் கதையின் முறையை இந்தக் கேள்விக்குப் பொருத்திப் பாருங்கள். வித்தியாசம் யாருக்கு என்பது உடனே தெரியும்.

இரண்டாவது பிரதி ஜேன் ஆடம்ஸுடையது. சிகாகோவில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில், 1889-இல் எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து ஹல் ஹவுஸைத் தொடங்கியவர். நடைமுறைவாதத்தின் இன்னொரு பெரிய பெயரான ஜான் டூயி அங்கே அடிக்கடி வந்தார், கற்றுக்கொண்டார். தன் மகள் ஒருத்திக்கு ஜேன் என்று பெயர் வைத்தார். இருந்தும் நூலகத்தில் டூயி தத்துவ அடுக்கிலும் ஆடம்ஸ் சமூகப்பணி அடுக்கிலும் இருந்தார்கள். அவரைத் தத்துவவாதியாக வாசிக்க வைத்ததில் சார்லீன் ஹேடாக் சீக்ஃபிரிட் போன்ற பெண்ணிய அறிஞர்களின் உழைப்பு பெரிது.

1916-இல் ஆடம்ஸ் எழுதியது ஒரு வதந்தியைப் பற்றி. ஹல் ஹவுஸில் சாத்தான் குழந்தை ஒன்று இருப்பதாகப் பேச்சுப் பரவி, ஆறு வாரங்கள் கூட்டம் வந்தபடி இருந்தது. இத்தாலியர்கள் சொன்ன கதையில், நாத்திகக் கணவன் ஒருவன் சுவரிலிருந்த புனிதப் படத்தைக் கிழித்தெறிந்து, இதற்குச் சாத்தானே வீட்டில் இருக்கலாம் என்றான். யூதர்கள் சொன்ன கதையில், ஆறு பெண்களைப் பெற்ற தகப்பன், ஏழாவதும் பெண்ணாவதைவிடச் சாத்தான் பிறக்கட்டும் என்றான். சொன்னபடியே பிறந்தது. இந்த இரண்டாவது கதையைப் படிக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆடம்ஸுக்கு முதலில் எரிச்சல்தான். குழந்தை எதுவும் இல்லை, கதை பொய். வரையறை தேடும் வாசகி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவாள். ஆனால் வந்தவர்களில் கிழவிகள் பேசத் தொடங்கியபோது ஆடம்ஸ் உட்கார்ந்து கேட்டார். அடித்த கணவர்கள், இறந்த குழந்தைகள், கைவிட்ட பிள்ளைகள் என்று அவர்கள் அதுவரை சொல்லாததெல்லாம் வெளியே வந்தது. கதை உண்மையா என்பதோடு நிற்காமல், இந்தப் பெண்கள் இந்தக் கதையை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். அடங்காத கணவனையும் பிள்ளையையும் பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவர, வேறு எந்த அதிகாரமும் இல்லாத பெண்களின் கையில் அது ஒரு கருவியாக இருந்தது என்பது அவர் கண்ட பதில். ஜேம்ஸின் கேள்வி இங்கே ‘யாருக்கு’ என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது.

இத்தோடு முடித்தால் ஆடம்ஸுக்கு ஒரு புகழுரை கிடைக்கும். மூன்றாவது பிரதி அதற்கு இடம் தரவில்லை. 1901-இல் ஆடம்ஸ், கறுப்பின மக்களைக் கும்பல் கொலை செய்வதைக் கண்டித்து எழுதினார். அக்கொலைகளால் குற்றம் குறையாது, சமூகம் கொடூரமாகும் என்று விளைவுகளை எடைபோட்டார். ஆனால், ஒருவகைக் குற்றத்தைத் தடுக்க இதுவே வழி என்று தெற்கத்திய வெள்ளையர் நேர்மையாக நம்புகிறார்கள் என்பதை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டார்.

சில மாதங்களில் ஐடா பி. வெல்ஸ் அதே இதழில் மறுப்பு எழுதினார். அடிமைத்தனத்தில் பிறந்த பெண், பத்திரிகையாளர். 1892-இல் மெம்ஃபிஸில் நண்பர்களைக் கும்பல் கொலைக்குப் பறிகொடுத்தவர், அதைப் பற்றி எழுதியதால் பத்திரிகை அலுவலகத்தையும் இழந்தவர். ஆடம்ஸின் நல்லெண்ணத்தை மரியாதையோடு குறிப்பிட்டுவிட்டு, அவர் ஏற்றுக்கொண்ட அந்த அனுமானத்தைக் கையில் எடுக்கிறார். சிகாகோ நாளிதழ் ஒன்று தொகுத்திருந்த ஐந்தாண்டுக் கணக்கை முன்வைக்கிறார். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர்மீது வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டுகூட இல்லை. காரணம் பொய் என்றால், அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு விளைவை எடைபோடுவதும் பொய்க்குத் துணைபோவதாகும்.

ஹல் ஹவுஸின் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்ட பொறுமையை, கொலையுண்டவர்களின் மனைவிகளிடமும் தாய்களிடமும் ஆடம்ஸ் அந்தக் கட்டுரையில் காட்டவில்லை. இருவரும் ஒரே நகரத்தவர், பள்ளிகளில் இனப்பிரிப்பு வராமல் தடுக்கச் சேர்ந்து செயல்பட்டவர்கள். ஆகவே இதை நல்லவர், கெட்டவர் கணக்கில் எழுத முடியாது. விளைவைப் பார் என்னும் தத்துவம், யாருடைய அனுபவத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெல்ஸின் கட்டுரையை நடைமுறைவாதப் பாடத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நம் கட்டுரைக்கு வருவோம். ஆசிரியர் எதை மறுக்க எழுதினார், எந்த உதாரணத்தை எடுத்தார், அதில் யார் இல்லை, எதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வாசியுங்கள். ‘பெண்ணிய நோக்கில்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே ஜேம்ஸின் சுருக்கத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லையென்றால் அது போகட்டும். உங்கள் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ சொன்ன ஒன்று வாதத்தை நகர்த்துகிறது என்றால், கூச்சப்படாமல் உள்ளே கொண்டுவாருங்கள். அதையும் வெல்ஸ் கேட்டதுபோலக் கேட்டுச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள்.

அந்த ஐந்து மதிப்பெண் விடையை இன்று திருத்த நேர்ந்தால், ‘பயன் தருவதே உண்மை’ என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘யாருக்கு?’ என்று மட்டும் எழுதி, தாளை மாணவியிடமே திருப்பிக் கொடுப்பேன்.