போலி பவர் டிரான்சிஸ்டர்: சோதனைகளைச் சோதிப்போம்

மறைமலை நகர் என்றதும் பலருக்குக் கார்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சிலிக்கான் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிலில் இந்தியாவில் முன்னோடியான ஸ்பெல் செமிகண்டக்டர் நிறுவனம் அங்குள்ள சி.எம்.டி.ஏ. தொழிற்பேட்டையில்தான் தன் ஆலையை அமைத்தது. 1984-இல் பதிவு பெற்ற நிறுவனம் அது. ஐ.சி.க்களுக்கான ஆலைதான் என்றாலும், பவர் டிரான்சிஸ்டரும் ஏறத்தாழ அதே முறையில்தான் உருவாகிறது.

முதலில் சிலிக்கான் வில்லை சிறுசிறு சில்லுகளாக அறுக்கப்படுகிறது. ஒவ்வொரு சில்லும் ஓர் உலோகத் தளத்தில் ஒட்டப்படுகிறது. மெல்லிய கம்பிகளால் அது கால்களுடன் இணைக்கப்படுகிறது. பின்பு கருநிறப் பிளாஸ்டிக்கால் மூடப்பட்டு, மின்சோதனைக்கு உட்படுகிறது. எண்ணும் பெயரும் பொறிக்கும் வேலை இந்த வரிசையின் இறுதிப் பகுதியில் வருவது. எனவே மேலே தெரியும் எழுத்து, உள்ளே நடந்த வேலைக்கும் சோதனைக்கும் ஒரு சான்றிதழ் போன்றது. போலி செய்பவர் மற்றப் படிகளை விட்டுவிட்டு, சான்றிதழை மட்டும் அச்சடித்துக் கொள்கிறார். இதுவே போலி டிரான்சிஸ்டரின் சூட்சுமம்.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஆம்பிளிஃபயர் செய்ய விரும்பினால், சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இணைய விற்பனைத் தளத்தில் பணம் கட்டினால் பொருள் வீட்டுக்கே வருகிறது. சில சமயம் போலியும் வருகிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கு நம்மிடையே பல முறைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் எவை உண்மையில் பயன்படும் என்பதே நம் கேள்வி.

எதற்கு நாம் விலை கொடுக்கிறோம்?

ஆம்பிளிஃபயர்களில் பெரிதும் பயன்படும் 2எஸ்சி5200 என்ற டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். தோஷிபா நிறுவனத்தின் விவரத்தாள்படி இது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் வரை தாங்கும். சில்லின் வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இத்தனை வாட்டைத் தாங்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சில்லின் பரப்பிலிருந்து. பரப்பு பெரிதானால் வெப்பம் எளிதில் வெளியேறும்; மின்னோட்டமும் பரவலாகப் பாயும். ஆக, நாம் விலை கொடுப்பது சிலிக்கான் பரப்புக்கே.

போலியில் பெரும்பாலும் இருப்பது ஒரு சிறிய சில்லு. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அசல் 2எஸ்சி5200-இல் ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லின் வெப்பநிலை உறையைவிட 0.83 டிகிரி உயரும். டிப்31 போன்ற 40 வாட் வகைச் சில்லில் இது 3.1 டிகிரி. உறை 60 டிகிரியில் இருக்க, 40 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அசலின் சில்லு ஏறத்தாழ 93 டிகிரியில் இருக்கும். போலியின் சில்லோ 185 டிகிரிக்குப் போய்விடும், அது பிழைக்காது. பல சமயம் ஏற்பானும் உமிழ்ப்பானும் உள்ளேயே ஒட்டிக்கொள்ள, மின்வழங்கியின் முழு மின்னழுத்தமும் ஸ்பீக்கருக்குப் போய் அதையும் எரித்துவிடும்.

வழக்கமான சோதனைகள்

முதலாவது, கண்ணால் பார்ப்பது. எழுத்து மங்கலாக இருந்தால் போலி, அசிட்டோன் தடவி அழிந்தால் போலி என்கிறார்கள். சுரண்டிவிட்டு மறுபடி அச்சடித்த பழைய சரக்கு இதில் அகப்படும் என்பது மெய்யே. ஆனால் லேசர் பொறிப்பு இயந்திரம் போலி செய்பவருக்கும் கிடைக்கிறது. லேசரால் பொறித்த எழுத்து அசிட்டோனுக்கு அழியாது. மாறாக, மையால் அச்சிடப்பட்ட பழைய அசல் டிரான்சிஸ்டரின் எழுத்து அழிந்து போகலாம். எனவே இச்சோதனை அச்சைத்தான் சோதிக்கிறது, சில்லை அன்று.

இரண்டாவது, மல்டிமீட்டரில் டையோடு நிலை. அடிவாய்க்கும் மற்றக் கால்களுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டினால் “நல்லது” என்று முடிவு செய்கிறோம். ஆய்வகத்தில் நாம் கற்பதும் இதுதான். சிலிக்கான் சந்தி சிறிதாயினும் பெரிதாயினும் ஏறத்தாழ இதே அளவைத்தான் காட்டும். மல்டிமீட்டரில் பெருக்கத்தை அளக்கும் துளைகளும் மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே அளக்கின்றன. 15 ஆம்பியர் தாங்குமா என்ற கேள்விக்கு மில்லி ஆம்பியர் அளவில் விடை தேடுவது, பாலத்தின் மேல் பூனையை நடக்கவிட்டு லாரிக்கு அனுமதி தருவது போன்றது. டிரான்சிஸ்டர் பழுதா இல்லையா என்று அறிய இச்சோதனை போதும். அசலா போலியா என்று அறியப் போதாது. நம் செய்முறை வகுப்புகள் இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவதில்லை என்பது பெருங்குறை.

சில்லைத் தொடும் சோதனைகள்

மின்தேக்கு திறனை அளப்பது இவற்றுள் எளியது. ஏற்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே உள்ள மின்தேக்கு திறன், சில்லின் பரப்பைப் பொறுத்தது. நம்பகமான ஓர் அசலையும் புதிதாக வந்ததையும் ஒரே மீட்டரில் ஒப்பிடுங்கள். புதியது அசலில் ஒரு சிறு பங்கே காட்டினால் உள்ளே சிறிய சில்லு என்று கொள்ளலாம். ஆனால் குறைந்த வோல்ட்டுக்கான சில்லு, அதே பரப்பில் அதிக மின்தேக்கு திறன் காட்டும். ஆகவே இதையும் முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அடுத்தது கார் பல்பு சோதனை. 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 55 வாட் ஹெட்லைட் பல்புக்கும், பல்பை ஏற்பானுக்கும் இணையுங்கள். உமிழ்ப்பான் எதிர்முனைக்கு. ஃப்யூஸுக்குப் பின்னிருந்து 47 ஓம், 5 வாட் தடை ஒன்றை அடிவாய்க்குக் கொடுங்கள். டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் திருகிய பிறகே பாட்டரியை இணைக்க வேண்டும்; அருகில் ஆசிரியர் இருப்பது நலம். அடிவாயில் சுமார் 0.23 ஆம்பியர் பாயும். விவரத்தாளின்படி 7 ஆம்பியரில் பெருக்கம் 35-க்குக் குறையாது. எனவே பல்புக்கு வேண்டிய நாலரை ஆம்பியரை அசல் எளிதில் தரும். பல்பு முழு ஒளியுடன் எரியும். ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே பொதுவாக ஒரு வோல்ட்டுக்குக் குறைவாகவே இருக்கும். பல்பு மங்கி, டிரான்சிஸ்டர் விரைவாகச் சூடேறினால் அது அந்தப் பெயருக்கு உரியதன்று.

மூன்றாவது, பத்து வாங்கினால் ஒன்றைப் பலி கொடுத்து உடைத்துப் பார்ப்பது. சில்லின் அளவு கண்ணுக்கே தெரிந்துவிடும். வெண்ணிறப் பீங்கான் உள்ள ரேடியோ அலைவரிசை டிரான்சிஸ்டர்களை மட்டும் உடைக்காதீர்கள். அவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது.

இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. தோற்றால் போலி அல்லது பழுது என்று திருப்பி அனுப்பலாம். தேறினால் அசல் என்று சத்தியம் செய்ய முடியாது. 230 வோல்ட் தாங்குமா என்பதைக் கார் பல்பு சொல்லாது. அந்த உயர் மின்னழுத்தச் சோதனை மாணவர்கள் வீட்டில் செய்யத் தக்கதும் அன்று.

விற்பவர் பொறுப்பு

இதனால்தான் ஆலைகள் சோதனையை மட்டும் நம்புவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்ற தொடரையும் கேட்கின்றன. அந்தத் தொடர் அறுந்தால் வல்லரசும் ஏமாறும். அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, 2009, 2010 ஆண்டுகளில் ராணுவக் கருவிகளுக்கான வழங்கலில் ஏறத்தாழ 1,800 ஐயத்துக்குரிய நிகழ்வுகளையும், அவற்றில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகளையும் கண்டது.

இணைய விற்பனைப் பக்கங்களோ பளபளப்பான படத்தையும் “ஒரிஜினல்” என்ற சொல்லையும் தருகின்றன. எந்த முகவர் வழி வந்தது என்பதைச் சொல்வது அரிது. 2எஸ்சி5200-க்கு மாற்றாக டிடிசி5200 என்ற வகையைத் தோஷிபா வெளியிட்டுவிட்டது. பழைய எண்ணில் “புத்தம் புதிய தோஷிபா சரக்கு” மலிவாக மலைபோல் கிடைத்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா?

கேட்கும் உரிமை நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, இணையத் தளங்கள் விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். பொருள் போலியாகவோ விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால், திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கலாகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல்பு மங்கலாக எரிவதையும் மீட்டர் காட்டும் வோல்ட்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டால், முறையீட்டுக்கு அதுவே சான்றாகும்.

போலியால் நேரும் பெரிய இழப்பு பணம் அன்று. சரியாகக் கணக்கிட்டு, சரியாகப் பற்றவைத்த மாணவர், புகை வந்ததும் தம் அறிவையே சந்தேகிக்கிறார். மின்னணுவியல் தமக்கு வராது என்று விலகியும் விடுகிறார். அவருடைய சந்தேகம் முதலில் திரும்ப வேண்டியது, அச்சடித்த பெயரின் மீது.