நேரிவாயிற் போரும் தோற்றோர் கூற்றும்

சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்காலிரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து பாடியதாகப் புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறும். அக்குடவாயில் இன்றைய குடவாசல் என்பர். தோற்றவன் குரலே அங்குப் பாட்டாய் நின்றது. நேரிவாயிலில் வீழ்ந்தோர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை என்பதே ஈண்டு யாம் ஆராய்வது.

சோழர் குடியில் தாயப்போர் மூண்டபோது, சேரன் செங்குட்டுவன் தன் மைத்துனன் கிள்ளிக்குத் துணையாகப் படை செலுத்தி ஒன்பதின்மரை வென்றான். இதனை அறங்காத்த செயல் எனப் பாராட்டுவோர் உளர். மூலங்களை ஒப்புநோக்கின் இம்முடிபு ஐயத்திற்குரியதாகும். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பதிகம் அவ்வொன்பதின்மரைச் சோழர் குடிக்கு உரிமையுடையோர் என்றே குறிக்கின்றது; குற்றம் எதுவும் சாற்றவில்லை. சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதையோ, இளவரசைப் பொறாமை, ஏவல் கேளாமை, வளநாட்டை அழித்தல் என மூன்று குற்றங்களை அவர்மேல் ஏற்றுகின்றது. இது கவிக்கூற்றன்று, மாடல மறையோன் செங்குட்டுவனை நோக்கி உரைத்தது. அம்மறையோனுக்கு அரசன் தன் நிறைப் பொன்னாக ஐம்பது துலாம் வழங்கியதும் அக்காதையிலேயே உளது. பரிசில் பெற்றமையால் சான்று பொய்யாகிவிடாது. எனினும், வென்றோன் செவிக்கு உரைத்ததனை நடுநிலைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒன்பதின்மரின் பெயர்தானும் இவ்விரு நூல்களிலும் இல்லை.

துணைபெற்ற குடியின் மனநிலையை நடுகற் காதை காட்டும். சிறைப்பட்ட ஆரிய மன்னரைக் கண்ட செம்பியன், படைக்கலம் எறிந்து வேற்றுக்கோலத்தில் உயிர் பிழைத்தோரைப் பற்றுதல் வெற்றியன்று என இகழ்ந்தான். இவன் பெயரை நூல் கூறவில்லை. காப்பிய நிகழ்ச்சி முறையை நோக்கின் அம்மைத்துனனே எனக் கொள்ளுதல் தகும். சினந்தெழுந்த சேரனைத் தணிவிக்க மாடலன் எடுத்துரைத்த வெற்றிகளுள் நேரிவாயிலும் ஒன்று. பிறர் படையால் அரியணை பெற்றோர் அப்படைக்கு என்றும் கடப்பாடுடையர் ஆகார் என்பதை அடிகள் வெளிப்படக் கூறாது நிகழ்ச்சி வைப்பினாலேயே உணர்த்தினார்.

அண்மை வரலாறும் இதற்கு ஒத்த சான்றாகும். 1987 சூலை 29 உடன்படிக்கையை ஒட்டி இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு பொருதது. செயவர்த்தனா இசைவுடன் சென்ற அப்படையை, அவர்க்குப்பின் வந்த பிரேமதாசா 1989இல் வெளியேறக் கோரினார். ஏறத்தாழ 1,200 வீரரை இழந்து 1990 மார்ச்சில் அது மீண்டது.

ஆதலின், பிறநாட்டு உட்போரில் புகுந்த படையின் செயலை அப்படையைப் போற்றுவோர் கூற்றால் மட்டும் அளத்தல் கூடாது. மாடலன் கூற்றைப் பயில்வோர், பதிகம் அவ்வொன்பதின்மர்க்கு உரைத்த உரிமையையும் உடன்வைத்துப் பயிலல் வேண்டும்.