பட்டனும் கால்பேக்கும்: லூப்பில் இணைப்பது சரியா?

பைதானில் டிகின்டர் கொண்டு ஒரு கால்குலேட்டர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 0 முதல் 9 வரை பத்து பட்டன்கள் வேண்டும். பத்துக்கும் தனித்தனி ஃபங்ஷன் எழுதினால், எண்ணைத் தவிர அவற்றில் எந்த வேறுபாடும் இராது. லூப்பிலேயே பட்டனை உருவாக்கி, அழுத்தும்போது ஓட வேண்டிய கால்பேக்கையும் அங்கேயே இணைத்துவிட்டால் நிரல் சில வரிகளில் முடிந்துவிடும்.

இந்த முறையின் வலு சுருக்கத்தோடு நிற்பதில்லை. ஒரு ஃபோல்டரில் எத்தனை படங்கள் இருக்கும், தரவுத்தளம் எத்தனை பெயர்களைத் தரும் என்பது நிரல் எழுதும்போது தெரியாது. அத்தகைய இடங்களில் நிரல் ஓடும்போதுதான் பட்டன்களை இணைக்க முடியும்.

குறையும் அதே லூப்பில்தான் இருக்கிறது. அங்கே கால்பேக்காக எழுதும் லாம்டா என்ற பெயரற்ற ஃபங்ஷன், லூப் மாறியின் அப்போதைய மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் மாறியைத் தேடிப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து மாறியில் 9 நிற்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் 9 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடையை அமைதியாகத் தருவதே இதன் பெரிய ஆபத்து.

லாம்டாவின் அளவுருவுக்கு எண்ணை இயல்பு மதிப்பாகக் கொடுப்பது பலரும் கையாளும் தீர்வு. டிகின்டரில் அது சரியாக வேலை செய்யும். இன்னொரு நூலகமான பைக்யூட்டியில் அதே வரி ஏமாற்றிவிடும். அங்கே கிளிக்டு சிக்னல், பட்டனின் தேர்வு நிலையையும் ஃபால்ஸ் என்று சேர்த்து அனுப்புகிறது. அந்த ஃபால்ஸ் நம் எண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2006-இல் பைதான் 2.5-உடன் வந்த ஃபங்டூல்ஸ் பார்ஷியல் இதைவிட நம்பகமானது. எண்ணை முதலிடத்தில் நிலைநிறுத்துவதோடு, எழுதியவரின் நோக்கத்தையும் வெளிப்படையாகக் காட்டுகிறது.

தொடங்கு பட்டனையே பிறகு நிறுத்து பட்டனாக்க, கால்பேக்கை இடையில் மாற்றும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டன் இப்போது என்ன செய்யும் என்பதை அறிய நிரல் முழுவதையும் தேட வேண்டியிருக்கிறது. பைக்யூட்டியில் சிக்கல் இன்னும் கூடும்: புதிய இணைப்பு பழையதை நீக்காது. துண்டிக்க மறந்தால் ஒரே அழுத்தலில் இரண்டு வேலைகளும் நடக்கும். நிலையை ஒரு மாறியில் வைத்து, அதைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரே ஃபங்ஷனை எழுதுவதே தெளிவு.

ஆக, உருவாக்கும்போது மதிப்பை நிலைநிறுத்தி இணைப்பது நல்ல வழக்கம். பிறகு மாற்றிக்கொண்டே இருப்பது தவிர்க்க வேண்டியது. சோதிக்கும்போது முதல் பட்டனை அழுத்திப் பாருங்கள். லூப் பிழை இருந்தாலும் கடைசிப் பட்டன் சரியான விடையையே தரும்.