மாதச் சந்தா இல்லாத டிவி: பாண்டியில் எடுபடுமா?

ஆன்லைனில் ‘டிஜிட்டல் டிவி ரிசீவர்’ என்று தேடினால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகைப் பெட்டிகள் வரும். ‘டிவிபி-டி2’ என்று போட்டிருப்பது தரைவழி ஒளிபரப்புக்கானது. ‘டிவிபி-எஸ்2’ செயற்கைக்கோளுக்கானது. புதுச்சேரிக்காரர்கள் முதலாவதைத் தொட வேண்டாம். தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டி2 சேவையைத் தொடங்கியபோது நம் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னைக் கோபுரத்தின் அலை இவ்வளவு தூரம் வராது. மாடியில் நின்ற அலுமினிய ஆண்டெனாவுக்கான அனலாக் ஒளிபரப்பையும், முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்க நிறுத்தப் பிரசார் பாரதி முடிவெடுத்தது. ஆக, இங்கே சந்தா கட்டாமல் காற்றில் வரும் டிவி என்றால் தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்தான். அதற்கான எம்பெக்-4 எச்டி பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன்.

விலை

பெட்டி ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டடி டிஷ், அதன் முன்னால் மாட்டும் அலைவாங்கியான எல்.என்.பி., ஒயர், பொருத்துகூலி எல்லாம் சேர்த்தும் 2,000 ரூபாயைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு செலவு கிடையாது.

கேபிள், டிடிஎச் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பை எடுக்கும்வரை, 200 சேனல் வரைக்கான அடிப்படைக் கட்டணம் மட்டும் மாதம் 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு 1,841 ரூபாய். கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல் தனி. ஒரு வருஷ அடிப்படைக் கட்டணத்திலேயே கிட்டத்தட்ட இந்த மொத்த செட்டப்பும் வந்துவிடுகிறது.

இதைவிட மலிவாக எம்பெக்-2 பெட்டிகளும் விற்கின்றன. மிச்சம் பிடிக்கலாம் என்று அதில் இறங்க வேண்டாம். எம்பெக்-4இல் வரும் சேனல்கள் அதில் திறக்காது.

பொருத்துவது

சேனல்கள் ஜிசாட்-15இலிருந்து வருகின்றன, அது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்டது என்பதால் பாண்டிக்கு அது தூரத்து உறவும்கூட. இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கடல் பக்கம் திரும்பி உச்சிவானத்தைப் பார்ப்பது மாதிரிதான். முத்தியால்பேட்டை மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்திலும், பக்கத்து வீட்டு மாடி அவ்வளவாகக் குறுக்கே வராது.

மெனுவில் ஜிசாட்-15 இல்லையென்றால் இன்சாட்-4பி என்று இருக்கும். இரண்டுக்கும் இடம் ஒன்றே. 11090, வெர்ட்டிகல், 29500 என்று போட்டால் திரையில் இரண்டு கோடுகள் வரும். ‘ஸ்ட்ரெங்த்’ கோடு ஒயரை மாட்டியதுமே ஏறிவிடும். டிஷ் எந்தத் திசையில் இருந்தாலும் ஏறும். அதை நம்பி நட்டை முறுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது ‘குவாலிட்டி’. சுழியத்திலேயே கிடக்கும் அது, சரியான இடம் வந்ததும் ஒரு விரற்கடை அசைவில் சட்டென்று தாவும். அங்கே நிறுத்தி, எல்.என்.பி.யை லேசாகத் திருகினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

உப்புக்காற்றுக்கு டிஷ்ஷோடு வரும் போல்ட்டுகள் தாங்காது. ஜிஐ போல்ட் தனியாக வாங்கி, கிரீஸ் தடவிப் போடுங்கள். கனெக்டரில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டங்கட்டமாக உடையும். மழை விட்டதும் தானே சரியாகும். கட்டண டிடிஎச்சிலும் இதே கதைதான்.

படமும் சேனலும்

எச்டிஎம்ஐ ஒயரில் 32 இஞ்ச் டிவிக்குப் படம் தெளிவு. பழைய டிவிக்கு ஏ.வி. ஒயர் போதும். சேனல் வரிசை குழப்பம். டிடி தமிழைத் தேடிப் பிடித்து ‘ஃபேவரிட்’டில் போட்டு வைத்தால்தான் வீட்டுப் பெரியவர்களுக்குச் சௌகரியம்.

உண்மையான குறை வேறு இடத்தில். கடைக்காரர் பில் போடும்போதே, “சன் டிவி வராதுண்ணே, அப்புறம் வந்து கேக்கக் கூடாது” என்றார். விஜய், ஜீ தமிழும் வராது. இந்தியில் சினிமா, சீரியல், செய்தி எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. தமிழுக்கு முதன்மையாக இருப்பது, 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்த டிடி தமிழ்.

தனியார் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் ஏலம் எடுத்து இடம் பிடிக்க வேண்டும். பார்ப்பவரிடம் காசு கேட்க முடியாது, விளம்பரத்தில்தான் போட்டதை எடுக்க வேண்டும். 4 கோடிக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் வீடுகள் இருப்பதாக மதிப்பீடு. அவற்றில் பெரும்பகுதி வடக்கே. அதனால் இந்தி சேனலுக்குக் கட்டுப்படியாகிறது. தமிழில் பெரிய சேனல்களுக்குச் சந்தாவும் ஒரு முக்கிய வருமானம். அதை அவர்கள் ஏன் இலவசமாக விட வேண்டும்? போதாததற்கு, தமிழ்நாட்டில் அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கே வந்துவிட்டது. டிஷ் தேட அங்கே யாருக்கும் அவசரமில்லை.

அமெரிக்காவில் 2009இல் அனலாக்கை நிறுத்தியபோது, பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் வரை அரசு கொடுத்தது. அந்தப் பெட்டியில் மக்கள் அதுவரை பார்த்துவந்த சேனல்களே வந்தன, அதனால் விலைச் சலுகை பலித்தது. இங்கே அந்த நிலைமை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃப்ரீ டிஷ் கேபிளை முந்துகிறது: கிரிக்கெட். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் தூர்தர்ஷனுக்குப் பகிர வேண்டும். அதைத் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அப்படிப் பகிரப்படும் இந்திய அணியின் ஆட்டத்தை டிடி ஸ்போர்ட்ஸில் சந்தா இல்லாமல் பார்க்கலாம். ஐபிஎல் இதில் சேராது.

வாங்கலாமா?

கிரிக்கெட், செய்தி, பிள்ளைகளுக்குப் பாடச் சேனல்கள் போதும் என்பவர்கள், இந்தி பார்ப்பவர்கள், மாடி அறையில் இரண்டாவது டிவி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சாயங்கால சீரியல் தவறக் கூடாத வீடென்றால் கேபிளை வெட்டிவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் ட்யூனரை டிவிக்குள்ளேயே வைப்பதற்கான தர விதியை இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் 2022இல் வெளியிட்டது. அப்படிப்பட்ட டிவி பரவலானால் பெட்டிச் செலவே இல்லாமல் போகும். அப்போதும் பாண்டி வீடுகள் டிஷ் மாட்ட வேண்டுமென்றால், இரண்டு மூன்று பெரிய தமிழ்ச் சேனல்களாவது அதில் வர வேண்டும்.