எத்தனாலின் தண்ணீர்க் கணக்கு

தில்லி ஆர்.கே.புரம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும். மத்திய நீர் ஆணையத்தின் தலைமையகமான சேவா பவனும் அங்கேதான் இருக்கிறது. தில்லியின் காற்றுத்தரத்தை அளக்கும் நிலையங்களுள் ஒன்றும் அங்கே உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இந்தியத் திட்டத்தை எடைபோட நீர், காற்று இரண்டின் கணக்கும் தேவை. காற்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தண்ணீரைப் பற்றிப் பேசியது குறைவு.

திட்டத்தின் முதல் வெற்றியை மறுக்க முடியாது. 2013-14இல் 1.53 விழுக்காடாக இருந்த கலப்பு, 2030 என்று குறித்த இலக்கை 2025லேயே தொட்டது. வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனாலும் நிலுவைக்காக ஆலை வாசலில் உட்கார்ந்து போராடிய தலைமுறைகள் உண்டு. சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை 2019க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கிலோ 31 ரூபாயிலேயே நிற்க, கரும்பு விலையோ குவிண்டாலுக்கு 355 ரூபாய்வரை ஏறியது. இந்த இடைவெளியில் ஆலைகளின் கையில் பணம் புரள வைத்தது எண்ணெய் நிறுவனங்களின் எத்தனால் கொள்முதல்தான். விவசாயிக்கு நாள் தவறாமல் பணம் வருவதைவிடப் பெரிய சீர்திருத்தம் கரும்புத் தொழிலில் அரிது.

காற்றுக்குக் கிடைத்தது குறைவு. எத்தனால் கலந்தால் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. ஆனால் நவம்பரில் ஆர்.கே.புரத்து மூச்சை அடைப்பது வைக்கோல் புகை, டீசல் புகை, சாலைப் புழுதி இவற்றின் நுண்துகள்கள். அங்கே உண்மையாக உதவக்கூடியது வைக்கோலிலிருந்தே எத்தனால் எடுக்கும் பானிபட் ஆலை. 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அது ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தும்படி கட்டப்பட்டது. பஞ்சாபில் மட்டும் சேரும் வைக்கோலோ ஏறத்தாழ 2 கோடி டன்.

இனித் தண்ணீர். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையிலேயே கணக்கு இருக்கிறது: ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,600 முதல் 2,000 லிட்டர், கரும்பிலிருந்து எடுக்கும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர். அப்படியானால் 30 லிட்டர் டாங்கியை நிரப்பும்போது அதிலுள்ள 6 லிட்டர் எத்தனாலுக்காக 17,000 லிட்டருக்கும் மேல் நீர் செலவாகியிருக்கும். நாட்டின் பாசன நீரில் 70 விழுக்காட்டைக் கரும்பும் நெல்லும் எடுத்துக்கொள்கின்றன என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்த எண்ணை அப்படியே திட்டத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வரும் எத்தனாலுக்காக எவரும் கூடுதலாக ஒரு பாத்தி பாய்ச்சவில்லை; அந்த நீர் சர்க்கரையின் செலவு. சாற்றை நேரடியாக எத்தனாலாக்கும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. பிரேசிலை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. சோலாப்பூரிலும் விழுப்புரத்திலும் அது ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பி விளைகிறது.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பருவமழை குறைந்ததால், 2023 டிசம்பர் 7 அன்று கரும்புச் சாற்றில் எத்தனால் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. பின்னர் தளர்த்தியது. அந்த இடத்தை மக்காச்சோளம் நிரப்ப, தீவன விலை ஏறி நாமக்கல் கோழிப்பண்ணைகளையும் உலுக்கியது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதிக்குத் திரும்பியது. அதன் பிறகு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசி, எத்தனால் தயாரிக்கக் கிலோ 22.50 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்டது. அரசுக்கு ஆகும் அடக்க விலை அதைவிட மிக அதிகம். நிலத்தடி நீரை உறிஞ்சி விளைத்த நெல்லை மானிய விலையில் எரித்துவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு ஒரே சொல்லில் அடங்காது. கரும்பு விவசாயியின் நிலுவையைத் தீர்க்கும் வழியாக எத்தனால் தேறிவிட்டது. மொலாசஸ் எத்தனால் தொடர வேண்டும், வைக்கோல் எத்தனாலுக்கு இன்னும் பணம் போக வேண்டும். அரிசி எத்தனாலை நிறுத்த வேண்டும். கரும்பையும் தானியத்தையும் நம்பி 20 விழுக்காட்டைத் தாண்டும் பேச்சுக்கு இப்போது இடமில்லை. தண்ணீர் இல்லையேல் கரும்பும் இல்லை என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி: இங்கே 2011-12இல் 20 லட்சம் டன்னைத் தாண்டிய சர்க்கரை உற்பத்தி, வறட்சிக்குப் பின் 2017-18இல் 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம் தரும் மாநிலம் இது. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் குறுவட்டங்களில், சொட்டுநீர்க் கரும்பை மட்டுமே வாங்குவோம் என்று எழுதிக் கொடுக்கும் ஆலைக்கே சாற்று எத்தனாலுக்கான உரிமமும் வட்டி மானியமும் கிடைக்க வேண்டும். அந்த உரிமக் கோப்பில் நீர்த்துறையின் கையெழுத்தும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.